இளைப்பாறுதலே!

(‘வேலை நேரத்தில் கைபேசிப் பொழுதுபோக்கு: இளைப்பாறுதலா? ஏமாற்றுதலா?’ என்ற தலைப்பில் கீழப்பாவூரில் நடந்த பட்டிமன்றத்தில், ‘இளைப்பாறுதலே’ என்ற அணிக்காகப் பேசியது.)



எனக்கு முன்னால் பேசின எதிரணிச் சகோதரி ரொம்ப ஆவேசமாப் பேசினாங்க. “சம்பளம் வாங்குற நேரத்துல செல்போன்ல காமெடி பார்க்கிறவன், முதலாளியோட பணப்பெட்டியில கை வைக்கிறவன்”னு சொன்னாங்க. கைதட்டல் பலமா விழுந்துச்சு. நான் ஒண்ணு கவனிச்சேன். பேசி முடிச்சு உட்கார்ந்ததும் அவங்க என்ன செஞ்சாங்க? கைப்பையைத் திறந்தாங்க, போனை எடுத்தாங்க, குனிஞ்சு எதையோ பார்த்தாங்க, தனக்குள்ளேயே சிரிச்சாங்க. (சிரிப்பு) தப்பே இல்லம்மா! பத்து நிமிஷம் தொண்டை வறளப் பேசியிருக்கீங்க. மூளை கொஞ்சம் காத்து வாங்கணுமா இல்லையா? அந்தச் சிரிப்பைக் கேமராக்காரத் தம்பி பிடிச்சிருந்தா, நான் எந்திரிச்சுப் பேசவே வேண்டியதில்லை.

நடுவர் ஐயா, ஒரு கேள்வி கேட்டுக்கிறேன். ஆபீஸ்ல வேலை பார்க்கிற ஒருத்தர் பதினொரு மணிக்கு எந்திரிச்சு டீக்கடைக்குப் போறார். போக வர பத்து நிமிஷம். அதை யாராவது திருட்டுன்னு சொல்றோமா? டீயோட ஒரு பீடியோ சிகரெட்டோ பத்த வைக்கிறார். இன்னும் அஞ்சு நிமிஷம். அதையும் எந்த மேலதிகாரியும் கேக்கிறதில்லை, ஏன்னா பல நேரம் பக்கத்துல நின்னு நெருப்பு கேக்கிறதே அவர்தான். (சிரிப்பு) அதே அஞ்சு நிமிஷம் ஒரு பொண்ணு தன் நாற்காலியை விட்டு நகராம வடிவேலு காமெடி பார்த்தா மட்டும் ஏமாத்துறதா? பீடி இழுத்தா நுரையீரல் கெடும், வடிவேலு பார்த்தா எது கெடுது? சொல்லுங்க!

இந்தக் கேள்வியை வேற எந்த ஊரை விடவும் இந்தக் கீழப்பாவூர்ல வச்சுக் கேக்க எனக்கு உரிமை இருக்கு. ஏன்னா அந்த அஞ்சு நிமிஷத்தை ஊர் ஊருக்குச் செஞ்சு அனுப்பினது நம்ம ஊரு. கீழப்பாவூர், பாவூர்சத்திரம், ஆலங்குளம், கடையம், முக்கூடல், அந்தப் பக்கம் மேலப்பாளையம் வரைக்கும் தெருவுக்குத் தெரு பீடித் தட்டுதானே? பீடின்னா என்ன? ஒரு துண்டு இலை, ஒரு சிட்டிகைத் தூள், ஒரு சுத்து நூல், அவ்வளவுதானா? இல்லைய்யா. லாரி டிரைவர் வண்டியை ஓரங்கட்டிட்டு உட்கார்ற அஞ்சு நிமிஷம் அது. கொத்தனார் கரண்டியைக் கீழ வச்சிட்டு நிமிர்ற அஞ்சு நிமிஷம் அது. நாட்டுல உள்ள உழைப்பாளிக்கெல்லாம் அஞ்சு நிமிஷ ஓய்வை இலையில பொதிஞ்சு, நூல் கட்டி அனுப்பி வச்சவங்க நம்ம அம்மாமாரு. அனுப்பி வச்சவங்களுக்கு அந்த அஞ்சு நிமிஷம் கிடைச்சுதா? (கைதட்டல்)

எங்க அம்மாவும் பீடி சுத்தினவதான். முந்தின ராத்திரியே இலையை நனைச்சு வைப்பா. விடிஞ்சா அளவு பார்த்து வெட்டணும். வீட்டு வேலை முடிச்சு, காலை நீட்டி, தட்டை மடியில வச்சா, அப்புறம் எந்திரிக்கிறது மத்தியானம் உலை வைக்கத்தான். கூலி மாசச் சம்பளம் கிடையாது, மணிக்கணக்கு கிடையாது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவுன்னு எண்ணிக்கைக் கணக்கு. அதிலேயும் கடையில கொண்டு போய்க் கொடுத்தா, சரியில்லைன்னு கழிச்சுப் போடுறது தனி. அஞ்சு நிமிஷம் கையை நிறுத்தினா அஞ்சு நிமிஷக் கூலி போச்சு. நம்ம ஊர் நரசிம்மருக்குப் 16 கை இருக்கு. எங்க அம்மாவுக்கு இருந்தது ரெண்டு கை. ரெண்டும் தட்டுக்குள்ள!

அப்போ மனசு என்ன செய்யும்? சுத்தி வர எல்லாக் கதவும் அடைச்சுக் கிடக்கு, காது ஒண்ணுதான் திறந்து கிடக்கு. அந்தக் காது வழியா உள்ள வந்தது இலங்கை வானொலி! கடலுக்கு அந்தப் பக்கம் கொழும்புல கே.எஸ்.ராஜா பேசுவார், பி.எச்.அப்துல் ஹமீது பேசுவார், இங்கே கீழப்பாவூர்த் திண்ணையில தட்டு துள்ளும். கொஞ்சம் பிசிறடிச்சா திருநெல்வேலி வானொலிக்கு முள்ளைத் திருப்புவோம். நாலு வீட்டுப் பொம்பளைங்க ஒரே திண்ணையில கூடி உட்கார்ந்து, ஒரே ரேடியோவை நடுவுல வச்சு, பாட்டுக்குத் தலையாட்டிக்கிட்டே சுத்துவாங்க. எங்க அம்மாவுக்குப் பாட்டு ஓடுற நாள்ல எண்ணிக்கை கூடுமே தவிரக் குறைஞ்சது இல்லை. பேட்டரி தீர்ந்துபோன நாள்லதான் வீட்டுல சண்டை வரும். அதைப் பார்த்து எந்தப் பீடிக்கடை முதலாளியாவது, “ரேடியோ கேட்டு என்னை ஏமாத்திட்டே”ன்னு சொன்னதுண்டா?

எதிரணித் தலைவர் சிரிக்கிறார். “அது வேலையோட சேர்ந்த பாட்டு, இது வேலையை நிறுத்திட்டுப் பார்க்கிற படம், ரெண்டும் ஒண்ணா?”ன்னு மடக்கலாம்னு பார்க்கிறார். ஐயா, அங்கேதான் வர்றேன்.

கைக்கு வேலை இருந்தா காது சும்மா இருக்கும். காதுக்குப் பாட்டைக் கொடுத்தா கை தன் பாட்டுக்கு ஓடும். நாத்து நடும்போது குலவை போட்டதும், ஏத்தம் இறைக்கும்போது பாட்டுப் படிச்சதும் அப்படித்தான். ஆனா இன்னைக்கு நம்ம பிள்ளைங்க பார்க்கிற வேலை என்ன வேலை? கம்ப்யூட்டர்ல கணக்கு பார்க்கிறது, நிரல் எழுதுறது, போன்ல வாடிக்கையாளருக்குப் பதில் சொல்றது. கண்ணும் காதும் மூளையும் மொத்தமா அங்கே அடகு. எந்தக் காதுல பாட்டை விடுறது? மூளையால வேலை செய்றவனுக்கு வேலையை நிறுத்தினாத்தான் ஓய்வு. வேற வழி கிடையாது. பூட்டின மாட்டைக் கூட உச்சிப் பொழுதுக்கு முன்னால அவுத்து விடாதவனை நம்ம ஊர் வையுமா வையாதா?

இது இன்னைக்கு நேத்து வந்த வழக்கு இல்லைய்யா. பக்கத்துல கேரளாவுல கண்ணூர்ப் பக்கம் பீடிப் பட்டறைகள்ல ஒருத்தர் உட்கார்ந்து எல்லாருக்கும் கேக்கும்படியா பத்திரிகை படிப்பார். அவர் சுத்த வேண்டிய பீடியை மத்தவங்க பங்கு போட்டுச் சுத்திக் கொடுத்திருவாங்க. 1969-ல அங்கே தொழிலாளிகளே சேர்ந்து தினேஷ் பீடின்னு கூட்டுறவு ஆரம்பிச்சப்பவும் அந்தப் பழக்கம் கூடவே வந்துது. இன்னும் தூரமாப் போங்க. கியூபா நாட்டுல ஹவானா நகரம். 1865-ல சுருட்டுத் தொழிற்சாலையில, தொழிலாளிங்க தங்கள் கூலியில காசு போட்டு ஒரு ஆளை வச்சு, உயரமா உட்கார வச்சு, பத்திரிகையும் நாவலும் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கிட்டே சுருட்டு சுத்தினாங்க. அடுத்த வருஷமே அரசாங்கம் தடை போட்டுது. என்ன காரணம் சொல்லி? தொழிலாளியோட கவனம் சிதறுதாம்! எதிரணி இன்னைக்குச் சொல்ற அதே காரணம். ஆக, இவங்க பேச்சுக்கு 1866-லயே ஆள் இருந்திருக்கு. (சிரிப்பு, கைதட்டல்)

இதுல இன்னொரு வேடிக்கை கேளுங்க. அமெரிக்காவில டாம்பான்னு ஒரு ஊர், அங்கேயும் சுருட்டுத்தான். 1931-ல அங்கே முதலாளிங்க அந்த வாசிக்கிற ஆளை விரட்டிட்டாங்க. தொழிலாளிங்க வேலைநிறுத்தம் செஞ்சாங்க. அப்புறம் என்ன வந்துச்சு தெரியுமா? அந்த இடத்துல ரேடியோ வந்துச்சு! அப்போ பொழுதுபோக்குல முதலாளிக்கு விரோதம் இல்லை. எதைக் கேக்கணும்னு தொழிலாளியே முடிவு பண்றதுலதான் விரோதம். 1940-ல இங்கிலாந்துல யுத்த நேரம். குண்டு விழுந்துக்கிட்டு இருக்கு, தொழிற்சாலையில ராப்பகலா வேலை. அப்போ பி.பி.சி. என்ன செஞ்சுது? தொழிலாளிங்க வேலை செஞ்சுக்கிட்டே கேக்கிறதுக்குன்னு தினமும் பாட்டு போட ஆரம்பிச்சுது. உற்பத்தி வேணும்னா பாட்டு நல்லது. தொழிலாளிக்கே வேணும்னா அது கெட்டது. நல்ல நியாயமா இருக்கே!

இப்போ நம்ம தெருவுக்கு வர்றேன். பேர் வேண்டாம், ஊர்க்காரங்களுக்கு ஆளைத் தேட வேண்டிய வேலையும் வேண்டாம். ஒரு வீடு. வெளித் திண்ணையில அம்மா பீடி சுத்துறாங்க. உள் அறையில மக கம்ப்யூட்டர் முன்னால, காதுல கருவியை மாட்டிக்கிட்டு, ஏதோ ஒரு கம்பெனிக்குப் போன்ல பேசுற வேலை. 2020-ல கொரோனா வந்தப்போ வீட்டுல இருந்தே வேலைன்னு ஆரம்பிச்சது, அப்படியே நிலைச்சுப் போச்சு. அம்மா அந்தத் தட்டை மடியை விட்டு இறக்காம இருந்தது, மக அந்தத் தட்டைத் தொடக் கூடாதுன்னுதான். பட்டம் வாங்க வச்சாங்க. மகளுக்கும் இப்போ ஒரு தட்டு கிடைச்சிருக்கு, வெளிச்சமான தட்டு!

ஒரு நாள் ராத்திரி, போன் பண்ணின ஒரு ஆளு, கம்பெனி மேல உள்ள கோபத்தையெல்லாம் அந்தப் பொண்ணு மேல கொட்டிட்டான். பெத்தவங்களையும் சேர்த்து வஞ்சுட்டான். இவ பதில் பேசக் கூடாது. “உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்”னுதான் சொல்லணும். சொன்னா. போனை வச்சா. கை நடுங்குது. அடுத்த போன் வந்தா குரல் வராது. செல்போனை எடுத்து ஒரு ஆறு நிமிஷம் காமெடி பார்த்தா. சிரிச்சா. மூஞ்சியைத் துடைச்சா. அடுத்த போனை எடுத்துப் பேசினா. நல்லாவே பேசினா.

ஆனா அவளோட கம்ப்யூட்டருக்குள்ள ஒரு கங்காணி உட்கார்ந்திருக்கான். மவுஸ் மூணு நிமிஷம் அசையலேன்னா பேர் சிவப்பாயிரும். மாசக் கடைசியில அப்படிச் சிவப்பான நிமிஷத்தையெல்லாம் கூட்டி, ஊக்கத்தொகையில கழிச்சிட்டாங்க. பொண்ணு வந்து திண்ணையில உட்கார்ந்து சொல்றா. அம்மா கையை நிறுத்தலை. சுத்திக்கிட்டே கேட்டாங்க: “ஏட்டி, அவன் உன்னைய வஞ்சான்ல, அந்த நேரத்துக்குக் கூலி உண்டா?”

“அதுக்கு உண்டும்மா. அதுக்கப்புறம் நான் சும்மா இருந்த நேரத்துக்குத்தான் கிடையாது.”

அம்மா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் சொன்னாங்க: “அப்ப என் தட்டே தேவலை போலிருக்கே. நான் அழுதுக்கிட்டும் சுத்தலாம்.”

(அரங்கில் அமைதி, பிறகு கைதட்டல்)

எதிரணியில பேசினவங்க கணக்கு கேக்கிறாங்க. “இதனால உற்பத்தி குறையாதுன்னு என்ன ஆதாரம்?” கணக்குதானே? 2009-ல ஆஸ்திரேலியாவில மெல்போர்ன் பல்கலைக்கழகத்துல பிரென்ட் கோக்கர்னு ஒரு ஆராய்ச்சியாளர் 300 பேர்கிட்ட விசாரிச்சார். வேலை நேரத்துல 20 சதவீதத்துக்கும் குறைவா இணையத்துல பொழுதுபோக்குறவங்க, பார்க்கவே பார்க்காதவங்களை விட 9 சதவீதம் அதிகமா வேலை செய்றாங்கன்னு சொன்னார். அளவு தாண்டினா கதை மாறும்னும் சேர்த்தே சொன்னார், அதை நான் மறைக்கலை. 2011-ல அமெரிக்காவில இலினாய் பல்கலைக்கழக ஆராய்ச்சி: ஒரே வேலையில நீண்ட நேரம் கண்ணை வச்சா கவனம் மங்குது; நடுவுல சின்னதா வேற எதையாவது செஞ்சுட்டு வந்தா மங்கறதில்லை. 2012-ல சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்துல இருந்து வந்த ஆய்வு இன்னும் ருசியானது. வேலைக்கு நடுவுல இணையத்துல வேடிக்கை பார்த்தா மனசு லேசாகுது. ஆனா சொந்த மின்னஞ்சலைத் திறந்து படிச்சுப் பதில் எழுதினா மனசு கனமாகுதுன்னு கண்டுபிடிச்சாங்க. தாய்மார்களே, குறிச்சு வச்சுக்கோங்க. வடிவேலு பார்க்கிறதுதான் இளைப்பாறுதல். சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்து, “ஏன் கல்யாணத்துக்கு வரலை?”ன்னு கேட்டதுக்குப் பதில் எழுதுறது இன்னொரு ஆபீஸ் வேலை! (பலத்த சிரிப்பு)

2019 மே மாசக் கடைசி ஞாபகம் இருக்கா? பாகிஸ்தான்ல இருந்து ஒரு முகநூல் பக்கத்துல சுத்தியல் படத்தைப் போட்டு, இதுக்கு உங்க ஊர்ல என்ன பேருன்னு கேட்டாங்க. நம்ம தமிழ்ப் பையன் ஒருத்தன் பேரைச் சொன்னதோட விடலை, இதுதான் காண்ட்ராக்டர் நேசமணி தலையில விழுந்ததுன்னும் சொல்லிட்டான். அது 2001-ல வந்த ‘ப்ரண்ட்ஸ்’ படத்துல வடிவேலு வேஷம். அவ்வளவுதான்! நேசமணி பிழைக்கணும்னு ஊரெல்லாம் பிரார்த்தனை. டிவிட்டர்ல உலக அளவுல முன்னால வந்துச்சு. பிரதமர் பதவியேற்கிற அதே நாள்ல, வடக்கத்திப் பத்திரிகைக்காரங்க “யாருய்யா இந்த நேசமணி?”ன்னு விசாரிச்சாங்க. அன்னைக்கு வேலை நாள் ஐயா, வியாழக்கிழமை! துபாய்லயும் சிங்கப்பூர்லயும் சென்னையிலயும் தனித்தனிப் பெட்டிக்குள்ள உட்கார்ந்து வேலை பார்த்த தமிழ்ப் பிள்ளைங்க ஒரே நேரத்துல சேர்ந்து சிரிச்சாங்க. எனக்கு என்ன தோணுச்சுன்னா, அது நம்ம அம்மாமாரோட பழைய திண்ணை. ரேடியோவுக்குப் பதிலா செல்போன்.

அடுத்து, எதிரணித் தலைவர் ரம்மி விளையாட்டைக் கொண்டு வந்தார். பணத்தைத் தொலைச்சு உயிரை விட்டவங்களைச் சொல்லிக் கண் கலங்க வச்சார். ஐயா, அது எங்க அணிக் கணக்குல வராது. பணம் கட்டி ஆடுறது சூது. அதுக்குத் தமிழ்நாடு 2022-ல சட்டம் கொண்டு வந்துது. 2025 ஆகஸ்டுல நாடாளுமன்றமே பணம் வச்சு ஆடுற இணைய விளையாட்டுக்குத் தடைச் சட்டம் போட்டுது. சூதாட்டத்தைக் காட்டிப் பாட்டுக் கேக்கிறவனைத் தண்டிக்காதீங்க.

ரீல்ஸ் விஷயத்துல மட்டும் அவருக்குப் பாதி இடம் கொடுக்கிறேன். “அஞ்சு நிமிஷம்னு எடுத்தா அம்பது நிமிஷம் ஆகுது”ன்னு சொன்னார். ஆகுது, உண்மை. இலங்கை வானொலியில பாட்டு மூணு நிமிஷத்துல முடியும். காமெடிக் காட்சிக்கும் ஒரு முடிவு உண்டு. ஆனா இந்த ரீல்ஸ் தள்ளத் தள்ள வந்துக்கிட்டே இருக்கு, அடி தெரியாத கிணறு. 2006-ல ஆசா ராஸ்கின்னு ஒருத்தர்தான் அந்த முடிவில்லாத திரையை வடிவமைச்சார். பின்னாடி அவரே அதை நினைச்சு வருத்தப்பட்டார். முடிவுள்ளதைப் பார்த்துட்டு எந்திரிங்கன்னு பிள்ளைகளுக்குச் சொல்லுங்க, நானும் கூட நின்னு சொல்றேன். அதுக்காகக் கிணறு ஆழமா இருக்குன்னு தண்ணி குடிக்காதேன்னு சொன்னா எப்படி?

இதெல்லாம் யார் காலத்துல பேசிக்கிட்டு இருக்கோம்? 2023-ல இன்போசிஸ் நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்கணும்னார். 2025 ஜனவரியில எல் அண்ட் டி தலைவர் சுப்ரமணியன் 90 மணி நேரம்னார். வீட்டுல உட்கார்ந்து எவ்வளவு நேரம்தான் மனைவியைப் பார்த்துக்கிட்டு இருப்பீங்கன்னு வேற கேட்டார். எங்க ஊர்ல ஒரு அண்ணாச்சி இதைக் கேட்டுட்டு, “நான் பார்க்கிறது இருக்கட்டும், அவ என்னைப் பார்க்க ஆரம்பிச்சா நானே 90 மணி நேரம் வயல்லதான் கிடப்பேன்”னார். (பலத்த சிரிப்பு) சிரிப்பு ஒரு பக்கம். உலகச் சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-ல வெளியிட்ட கணக்கைப் பாருங்க. வாரத்துக்கு 55 மணி நேரமும் அதுக்கு மேலயும் வேலை பார்த்ததால, பக்கவாதத்திலயும் இதய நோயிலயும் 2016 ஒரு வருஷத்துல மட்டும் செத்தவங்க 7 லட்சத்து 45 ஆயிரம் பேர். இதுல எத்தனை பேர் வேலைக்கு நடுவுல அஞ்சு நிமிஷம் சிரிச்சதால செத்தாங்க?

நம்ம பக்கத்துப் பிள்ளைங்க சென்னைத் தியாகராய நகர்ல ஜவுளிக்கடையில நாள் பூரா நின்னு கால் வீங்கினதை மறந்துட்டோமா? கடையில வேலை செய்றவன் உட்கார ஒரு ஆசனம் போடுங்கன்னு சொல்றதுக்கே 2021 வரைக்கும் காத்திருந்து சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்துது. அன்னைக்கும் ஒரு கூட்டம், “உட்கார்ந்தா வியாபாரம் எப்படி நடக்கும்?”னு கேட்டிருக்கும். வியாபாரம் நடந்துக்கிட்டுத்தான் இருக்கு. இன்னைக்கு மத்தளம்பாறையில ஜோஹோ வந்திருக்கு, நம்ம தென்காசிப் பக்கத்துலயே பிள்ளைங்க கம்ப்யூட்டர் வேலைக்குப் போறாங்க. இந்த ஊர் பீடியை எண்ணிப் பழகின ஊர். எண்ணத் தெரியும் எங்களுக்கு. செஞ்ச வேலையை எண்ணுங்க, நாங்க தலை குனிஞ்சு நிக்கிறோம். மவுஸ் அசைஞ்சுதான்னு எண்ணாதீங்க.

நடுவர் ஐயா மணியில கை வச்சிட்டாங்க. ஒரே ஒரு விண்ணப்பம். நான் சொன்னேனே, எங்க தெருப் பொண்ணு, அவளுக்கு இப்போ ராத்திரி ஷிப்ட். இந்த நிகழ்ச்சி ஒளிபரப்பாகும்போது அவ வேலையிலதான் இருப்பா. இதையும் அவ செல்போன்லதான் பார்ப்பா. அதனால தீர்ப்பை எந்தப் பக்கம் வேணும்னாலும் சொல்லுங்க, மூணு நிமிஷத்துக்குள்ள சொல்லி முடிச்சிருங்க ஐயா. தாண்டினா அவ பேர் சிவப்பாயிரும்.